மூச்சைக் கவனிப்பதற்கும் நிறுவனத்தில் புதுமை பிறப்பதற்கும் என்ன தொடர்பு?

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளிலும் மனிதவளத் துறைகளின் சுற்றறிக்கைகளிலும் இப்போது அடிக்கடி தட்டுப்படும் சொல் மைண்ட்ஃபுல்னெஸ். தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்தால் மன அழுத்தம் குறையும், முடிவுகள் தெளிவாக வரும், புதுப்புது யோசனைகள் பிறக்கும், சிறந்த தலைவராகலாம் என்று வாக்குறுதிகள் வரிசைகட்டி வருகின்றன. இன்னொரு பக்கம், இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கித் தள்ளுவோரும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒருவர் தன் மூச்சைக் கவனிப்பதற்கும் அவருடைய நிறுவனம் புதிதாக ஒன்றை உருவாக்குவதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது?

நடுவில் பல கண்ணிகள் உள்ளன. சிலவற்றுக்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. சில வெறும் நம்பிக்கை. எல்லாவற்றிலும் முக்கியமானது, தலைவர் தன் பழக்கங்களையும் நோக்கங்களையும் எடைபோட்டு மாறுவது. விளம்பரங்கள் விட்டுவிடுவதும் அதைத்தான்.

## அடிப்படைச் சொற்கள்

1. மைண்ட்ஃபுல்னெஸ். இந்த நொடியில் நடப்பதை, நல்லது கெட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், வேண்டுமென்றே கவனிப்பது. பௌத்தத் தியான மரபிலிருந்து இதை எடுத்து மருத்துவ உலகுக்குள் கொண்டுவந்தவர் ஜான் கபட்-ஜின். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் அவதிப்பட்ட நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய திட்டம் பின்னர் எட்டு வாரப் பயிற்சியாக நிலைபெற்றது. வாரம் ஒரு வகுப்பு, தினமும் வீட்டில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம், இடையில் ஒரு முழுநாள் மௌனம். இன்று அலுவலகங்களில் நடக்கும் பயிற்சிகள் பலவும் இதைச் சுருக்கியவைதான்.

செய்வது என்ன? மூச்சில் கவனத்தை வைக்கிறோம். சில நொடிகளில் மனம் எங்கோ போய்விடுகிறது: நேற்று வந்த மின்னஞ்சல், நாளைய கூட்டம், யாரோ சொன்ன ஒரு சொல். போய்விட்டோம் என்று சட்டென்று உறைக்கும் ஒரு கணம் வரும். அப்போது தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடி மூச்சுக்குத் திரும்புகிறோம். மனம் ஓடுவதைத் தோல்வி என்று எண்ணிப் பலர் இரண்டாவது நாளே விட்டுவிடுகிறார்கள். ஓடியது உறைக்கும் அந்தக் கணம்தான் பயிற்சியின் உயிர். கோபமும் அவசரமும் பிடிவாதமும் தலைதூக்கும்போது அதை அங்கேயே கண்டுகொள்ளும் திறன் அந்தக் கணத்திலிருந்துதான் வளர்கிறது.

மனம் எவ்வளவு ஓடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கைபேசி வழியாகக் கேட்டபோது, ஏறக்குறைய 47 சதவீத நேரம் செய்யும் வேலையில் மனம் இல்லை என்று தெரியவந்தது.

தியானத்தில் இரண்டு வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூச்சு போன்ற ஒன்றிலேயே மனத்தை நிறுத்துவது ஒருமுகக் கவனம். எதையும் பிடித்துக்கொள்ளாமல், வரும் எண்ணம், ஒலி, உணர்ச்சி எல்லாவற்றையும் வந்தபடி கவனித்து விடுவது திறந்த கவனிப்பு. படைப்பாற்றல் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு தேவைப்படும்.

அலுவலகமும் தியானமும் சேர்வது ஏதோ கலிபோர்னியாவில் புதிதாகக் கண்டுபிடித்த சங்கதி என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது சரியல்ல. பர்மா விடுதலை பெற்றபின் அந்நாட்டின் தலைமைக் கணக்காளராக இருந்த ஊ பா கின், பொறுப்பான அரசுப் பதவியில் இருந்துகொண்டே விபாசனா என்ற பௌத்தத் தியானமுறையைக் கற்பித்தவர். 1955-இல் அவரிடம் கற்கத் தொடங்கிய எஸ். என். கோயங்கா ஒரு வணிகர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடித்தான் அங்கே போனார். கணக்குப் புத்தகமும் தியானமும் அப்போதே ஒரே மனிதரின் நாளில் இருந்திருக்கின்றன.

2. தன்மாற்றம். புதுத் திறமை ஒன்றைக் கற்றுக்கொள்வது வேறு, தன்னையும் உலகையும் பார்க்கும் முறையே மாறுவது வேறு. ஹார்வர்டில் பெரியவர்களின் மனவளர்ச்சியை ஆராய்ந்த ராபர்ட் கீகன் இதை மூன்று நிலைகளாக விவரித்தார். முதல் நிலையில், சுற்றியிருப்போர் என்ன நினைப்பார்கள் என்பதே நம்மை நடத்துகிறது. இரண்டாவதில், நமக்கென்று ஓர் அளவுகோல் உருவாகி அதன்படி நடக்கிறோம். மூன்றாவதில், அந்த அளவுகோலையே கையில் எடுத்துப் பார்த்து, இது எங்கெல்லாம் குறைபடுகிறது என்று கேட்க முடிகிறது. மூன்றாவது நிலைக்கு வருவோர் மிகக் குறைவு. எதன் பிடியில் இருக்கிறோமோ அதை நம்மால் பார்க்க முடியாது, பார்க்கத் தொடங்கியதும் பிடி தளர்கிறது என்பதே அவர் கருத்தின் சாரம்.

3. படைப்பாற்றல். புதிதாகவும் இருக்க வேண்டும், பயன்படவும் வேண்டும். ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் வரையறை இது. படைப்பாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் தெரேசா அமாபிலியின் விளக்கப்படி இதற்குத் துறை அறிவு, யோசிக்கும் முறை, வேலையின் மீதே உள்ள ஆர்வம் ஆகிய மூன்றும் தேவை. சுற்றுச்சூழல் இவற்றை வளர்க்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். யோசிக்கும் முறையிலும் இரண்டு உண்டு. ஒரு கேள்விக்குப் பல திசைகளில் விடை தேடுவது விரிசிந்தனை. பல விடைகளிலிருந்து சரியான ஒன்றுக்கு வந்து சேர்வது குவிசிந்தனை.

4. படைப்புத் தலைமை. தலைவரே எல்லா யோசனைகளையும் கொண்டுவருவது என்று இதைப் புரிந்துகொள்வோர் அதிகம். பத்துப் பேருக்கு மேல் வளர்ந்துவிட்ட எந்த நிறுவனத்திலும் அது நடக்காது. அடுத்தவர் தலையில் இருக்கும் யோசனை வெளியே வருவதற்கும், வந்தபின் உயிரோடு இருப்பதற்கும் வழிசெய்வதுதான் தலைவரின் வேலை.

## பழக்கம் கண்ணை மறைக்கும் விதம்

அனுபவம் தலைவருக்குப் பலம். அதே அனுபவம் எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதை ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-இல் வெளியிட்ட ஒரு சோதனை அழகாகக் காட்டுகிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

மூன்று ஜாடிகள். முதலாவது 21 அளவு கொள்ளும், இரண்டாவது 127, மூன்றாவது 3. சரியாக 100 அளவு தண்ணீர் வேண்டும். இரண்டாவதை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியை ஒருமுறையும் மூன்றாவது ஜாடியை இருமுறையும் நிரப்பி எடுத்துவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரும் கணக்குகளை வரிசையாகச் சிலவற்றைக் கொடுத்தார். பிறகு ஜாடிகள் 23, 49, 3 என்று மாறின, வேண்டியது 20. பழகிய வழியில் போனாலும் விடை வரும். ஆனால் 23-லிருந்து 3-ஐ எடுத்தாலே முடிந்துவிடும். சோதனையில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே போனார்கள். அடுத்து வந்தது 28, 76, 3, வேண்டியது 25. இங்கே பழைய வழி வேலை செய்யாது. 28-லிருந்து 3-ஐக் கழித்தால் போதும். பழைய சூத்திரம் தலையில் ஏறிவிட்டதால், இதைத் தீர்க்க முடியாமல் கைவிட்டவர்கள் பலர். முந்தைய கணக்குகளைப் பார்க்காத ஒருவருக்கு இது விளையாட்டுப் போன்ற கணக்கு.

இந்தச் சோதனையில் இன்னும் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. வேகமாகச் செய்யும்படி நெருக்கியபோது பழக்கத்தின் பிடி இறுகியது. கண்மூடித்தனமாக இராதே என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னபோது, கணிசமானவர்களுக்குக் குறுக்குவழி தெரிந்தது. நெருக்கடி பிடியை இறுக்குகிறது, சற்று நின்று கவனிப்பது தளர்த்துகிறது. தலைக்கு மேல் வேலையும் காலக்கெடுவும் வைத்துக்கொண்டு ஓடும் நிர்வாகிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இல்லை.

மைண்ட்ஃபுல்னெஸ் இங்கே உதவுகிறதா? 2012-இல் ஜோனதன் கிரீன்பெர்க்கும் உடன் ஆய்ந்தவர்களும் இதே ஜாடிக் கணக்குகளைத் தியானப் பயிற்சி பெற்றவர்களிடமும் பெறாதவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பழைய சூத்திரத்தில் குறைவாகவே சிக்கினார்கள். வேண்டிய தகவல் இரு தரப்பாரின் கண்முன்னும் ஒன்றாகவே இருந்தது. முதலில் தோன்றிய வழியையே பிடித்துக்கொண்டு போகாமல் நிறுத்திப் பார்த்ததுதான் வேறுபாடு.

இதற்கு நெருக்கமான இன்னொரு பழக்கம், இவ்வளவு பணம் போட்டுவிட்டோமே என்று தோற்றுப்போன திட்டத்தில் மேலும் பணத்தைக் கொட்டுவது. ஆண்ட்ரூ ஹாஃபன்பிராக், ஜோ கினியாஸ், சிகல் பார்சேட் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 15 நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு முடிவெடுத்தவர்கள் இந்தப் பொறியில் குறைவாக விழுந்தார்கள். நடந்து முடிந்ததிலும் வரப்போவதிலும் மனம் சற்றே குறைவாக ஒட்டிக்கொண்டதும், கசப்புணர்வு தணிந்ததும் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். ஒரு திட்டத்தை நிறுத்தத் தெரியாத நிறுவனத்தில் புதிய திட்டத்துக்கு ஆளும் பணமும் மிஞ்சாது. ஆகவே இதையும் படைப்பாற்றலோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

## 1985-இல் இன்டெல்

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இது எப்படி நடக்கும் என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் கதை எனக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவானது. 1968-இல் மெமரி சிப்புகள் தயாரிப்பதற்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1980-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் தரத்திலும் விலையிலும் முந்திவிட்டன. மெமரியில் நட்டம் ஏறிக்கொண்டே போனது. ஆனாலும், நாம் மெமரி நிறுவனம் என்ற நினைப்பை மேலிடத்தில் யாராலும் விட முடியவில்லை.

1985-இன் நடுப்பகுதியில் ஒருநாள், தலைவராக இருந்த ஆண்ட்ரூ குரோவ், தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை வெளியே அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரை இயக்குநர் குழு கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மூர் தயங்காமல் சொன்னார், மெமரியை விட்டு வெளியேறுவார் என்று. அப்படியானால் நாமே வாசலுக்கு வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ். நிறுவனத்தின் தலைமை மைக்ரோபிராசசர்களின், அதாவது கணினியின் மூளையாக இயங்கும் சிப்புகளின், பக்கம் திரும்பியது இந்த உரையாடலுக்குப் பிறகுதான்.

இந்தக் கதையில் தியானம் எங்கும் இல்லை. கீகன் சொன்ன நகர்வு அப்படியே இருக்கிறது. அதுவரை நாங்கள் மெமரி நிறுவனம் என்ற எண்ணத்துக்குள் இருந்து உலகைப் பார்த்தவர்கள், வேறொருவராகத் தங்களைக் கற்பனை செய்த கணத்தில் அந்த எண்ணத்தையே பார்த்தார்கள்.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. தலைவர்கள் இந்த முடிவுக்கு வருவதற்கு முன்பே, உற்பத்தித் திட்டமிடலில் இருந்த இடைநிலை நிர்வாகிகள் லாபம் அதிகம் தரும் பொருளுக்கு முன்னுரிமை என்ற விதிப்படி, தொழிற்சாலைத் திறனை மெமரியிலிருந்து மைக்ரோபிராசசர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்துக்குள் விடை ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்களுக்குத் தங்களைப் பற்றிய பழைய பிம்பம் கண்ணை மறைத்தது. புதிய யோசனை இல்லாமல் தவிக்கும் நிறுவனங்கள் குறைவு என்றே நினைக்கிறேன். இருப்பதைப் பார்க்க முடியாத தலைமைதான் அதிகம்.

## உட்கார்ந்தால் யோசனை பிறக்குமா?

பிறக்கும் என்று சொல்வோர் பெரும்பாலும் காட்டுவது லொரென்சா கொல்சாட்டோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வை. திறந்த கவனிப்புத் தியானத்துக்குப் பிறகு விரிசிந்தனைச் சோதனைகளில் பங்கேற்பாளர்கள் நன்றாகச் செய்தார்கள். ஒருமுகக் கவனம் குவிசிந்தனைக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பு அதே அளவுக்கு உறுதிப்படவில்லை. ஆனால் கலந்துகொண்டவர்கள் 19 பேர்தான். ஏற்கெனவே தியானம் செய்து பழகியவர்கள். இதை வைத்து, பத்து நிமிடத் தியானச் செயலி உங்கள் விற்பனைக் குழுவைப் புதுமைக் குழுவாக்கும் என்று சொல்வது மிகை.

எதிர்த்திசையிலும் ஒரு வாதம் இருக்கிறது. பிரச்சினையில் ஊறி, பின் அதை மறந்து வேறு எதிலோ இருக்கும்போது விடை பளிச்சிடுகிறது என்று கிரஹாம் வாலஸ் 1926-லேயே எழுதினார். ஆயத்தம், ஊறவிடுதல், பளிச்சிடல், சரிபார்த்தல் என்ற நான்கு கட்டங்கள் அவர் சொன்னவை. இரண்டாவது கட்டத்துக்கு மனம் சற்று அலைய வேண்டும். அலையும் மனத்தைத் திரும்பத் திரும்ப இழுத்து வருவது அதைக் கெடுக்காதா?

என் கணிப்பு இது: எந்நேரமும் மனத்தை இழுத்துக் கட்டுவது பயிற்சியின் நோக்கமே இல்லை. எப்போது குவிய வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரிந்து செய்யும் உரிமையைப் பெறுவதே பயன். கைபேசியைத் தடவிக்கொண்டு ஓடும் மனமும், ஒரு சிக்கலை மனத்தில் போட்டுவிட்டு நடைபோகும் மனமும் இரண்டுமே அலைகின்றன. முன்னது எரிச்சலையும் களைப்பையும் விட்டுச்செல்கிறது. எதிலே அலைகிறோம் என்று தெரிந்தவர்தான் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க முடியும். இதற்குமேல், தியானமே யோசனைகளைச் சுரக்கும் என்ற உறுதிமொழியை யாரிடமும் எதிர்பார்க்க வேண்டாம்.

## தன்மாற்றம் என்ற நடுக்கண்ணி

கவனம் கூர்மையானால் போதுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. போதாது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் இளம் வயதிலிருந்தே ஜென் பௌத்தம் பயின்றவர். கோபுன் சீனோ ஒட்டோகாவா என்ற ஆசிரியரிடம் நெருக்கமாக இருந்தவர். ஆப்பிள் பொருள்களின் எளிமையில் அந்தக் கவனம் தெரிந்தது என்று பலரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கூட வேலை செய்தவர்களைச் சொல்லால் நொறுக்கிய கடுமையும் அவர் வரலாற்றில் அதே அளவுக்குப் பதிவாகியிருக்கிறது. தீட்டிய கவனம் எதை நோக்கித் திரும்புகிறதோ அங்கேதான் வேலை செய்யும். தன் நோக்கத்தையும் தன் நடத்தையையும் நோக்கி அதைத் திருப்புவது தனி உழைப்பு.

அந்த உழைப்பைச் செய்தவர் என்று நான் காட்டக்கூடியவர் ஜப்பானின் கசுவோ இனாமோரி. 1959-இல், 27 வயதில், பின்னர் கியோசெரா என்று பெயர்பெற்ற பீங்கான் பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1980-களில் ஜப்பான் தொலைத்தொடர்பைத் தனியாருக்குத் திறந்துவிட்டபோது, மாபெரும் என்டிடி நிறுவனத்துக்கு எதிராகக் களமிறங்க நினைத்தார். உடனே இறங்கவில்லை. ஏறக்குறைய ஆறு மாதம், இரவுதோறும் தன்னையே கேட்டுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்: என் நோக்கம் நல்லதுதானா, இதில் என் சுயநலம் ஒளிந்திருக்கிறதா, பேருக்கும் புகழுக்கும் ஆசைப்படுகிறேனா? தெளிந்த பிறகே 1984-இல் டிடிஐ நிறுவனம் பிறந்தது. அது 2000-இல் கேடிடிஐயாக விரிந்தது.

1997-இல் அவர் ஜென் துறவு தீட்சையும் பெற்றார். 2010 ஜனவரியில் ஜப்பான் ஏர்லைன்ஸ் திவாலானபோது, அரசின் வேண்டுகோளை ஏற்றுச் சம்பளம் வாங்காமல் அதன் தலைமைப் பொறுப்பை எடுத்தார். மூத்த நிர்வாகிகள் சுமார் 50 பேரை உட்காரவைத்து, தலைவன் எப்படி வாழ வேண்டும், லாபம் எதற்கு, பயணிக்கு நாம் யார் என்பது போன்ற அடிப்படைகளைப் பேசினார். படித்த அதிகாரிகள் பலர் முதலில் இதைக் குழந்தைப் பாடமாகவே பார்த்தார்கள். கூடவே, நிறுவனத்தைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்து ஒவ்வொன்றும் தன் வரவு செலவைத் தானே பார்க்கும்படி அமைத்தார். அடிமட்ட ஊழியர்களுக்கும் எண்கள் தெரிந்தன. எங்கே மிச்சம் பிடிக்கலாம், எதை மாற்றிச் செய்யலாம் என்ற யோசனைகள் கீழிருந்து வந்தன. 2012 செப்டம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்குத் திரும்பியது.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். கடன் தள்ளுபடியும் அரசு சார்ந்த நிதியும் அந்த மீட்சியில் பெரும்பங்கு வகித்தன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். ஆன்மிகம் மட்டுமே விமானத்தைப் பறக்கவைத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தன்னைக் கேள்வி கேட்கும் பழக்கமும் ஊழியரின் கையில் எண்களைக் கொடுக்கும் அமைப்பும் அங்கே ஒன்றாகவே நடந்தன. ஒன்றில்லாமல் மற்றது நிற்காது என்பதால்தான் இந்த எடுத்துக்காட்டு விலைமதிப்பற்றது.

தன்னைக் கேள்வி கேட்பதை எங்கே தொடங்குவது? கீகனும் லிசா லாஹியும் வகுத்த நான்கு கட்டப் பயிற்சி பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஒரு கற்பனை மேலாளரை வைத்துப் பார்ப்போம்.

1. என்ன மாற விரும்புகிறேன்? என் குழுவினர் தயங்காமல் புது யோசனைகளைச் சொல்ல வேண்டும்.
2. அதற்கு எதிராக நானே என்ன செய்கிறேன்? அவர்கள் பேசி முடிக்கும் முன்பே குறுக்கிட்டுக் குறையைச் சொல்கிறேன். அவர்கள் சொன்னதைத் திருத்தி என் யோசனையாகத் திருப்பித் தருகிறேன்.
3. உள்ளே வேறு எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்? இந்த அறையில் மிக அதிகம் தெரிந்தவன் நான்தான் என்ற இடத்தை.
4. அதற்கு அடியில் உள்ள நம்பிக்கை என்ன? எனக்கு விடை தெரியவில்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் யாரும் என்னை மதிக்க மாட்டார்கள்.

நான்காவது வரியை எழுதுவதற்குள் பலருக்கு வியர்த்துவிடும். அந்த நம்பிக்கை இதுவரை உண்மையாகவே உணரப்பட்டிருக்கும். எழுதிய பிறகுதான் அது ஒரு அனுமானம், சோதித்துப் பார்க்கலாம் என்று தெரிகிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்விக்கு எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் சோதனை.

மைண்ட்ஃபுல்னெஸ் இந்த இடத்தில்தான் வேலைக்கு வருகிறது. மேலாளர் நான்கு வரிகளையும் தாளில் எழுதிவிடலாம். ஆனால் கூட்டத்தில் இளையவர் ஒருவர் அரைகுறையாக ஒரு யோசனையைச் சொல்லத் தொடங்கும்போது, தாடை இறுகி, மூச்சு மேலேறி, இதெல்லாம் நடக்காது என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நிற்கும். அந்த இறுக்கத்தை அப்போதே உணர்ந்தால் குறுக்கிடாமல் இருக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். உணராவிட்டால் தாளில் எழுதியது தாளிலேயே இருக்கும். மூச்சைவிட்டு மனம் ஓடியதைத் திரும்பத் திரும்பக் கண்டுகொண்ட பழக்கம், தாடை இறுகுவதைக் கண்டுகொள்ளக் கைகொடுக்கிறது.

## கூட்ட அறையில் என்ன மாறுகிறது?

ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்துப் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. பதிவேட்டிலோ அவற்றில்தான் பிழைகள் அதிகம். காரணம், அந்தக் குழுக்களில் செவிலியர்கள் பிழைகளை வெளியே சொன்னார்கள்; மற்ற குழுக்களில் மறைத்தார்கள். தவறையும் சந்தேகத்தையும் அரைகுறை யோசனையையும் சொன்னால் அவமானம் நேராது என்று குழுவினர் பொதுவாக நம்பும் நிலையை உளவியல் பாதுகாப்பு என்று அழைத்து, 1999-இல் தொழில் நிறுவனக் குழுக்களிலும் அதை ஆராய்ந்து எழுதினார். பின்னர் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும் நல்ல குழுவின் அடையாளங்களில் இதுவே முதலிடம் பெற்றது.

இந்தப் பாதுகாப்பைச் சுற்றறிக்கை அனுப்பி உண்டாக்க முடியாது. மோசமான செய்தி வந்த அந்த மூன்று நொடிகளில் தலைவரின் முகம் எப்படிப் போனது என்பதை வைத்தே, அடுத்த ஆறு மாதம் என்ன சொல்லலாம், எதை விழுங்கலாம் என்று ஊழியர்கள் முடிவு செய்கிறார்கள். தலைவரின் கவனப் பயிற்சிக்கும் நிறுவனத்தின் புதுமைக்கும் நடுவில் உள்ள பாலம் இங்கேதான் இருக்கிறது. தலைவர் தன் முதல் எதிர்வினையைக் கண்டுகொள்கிறார். அதை அடக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறார். சொன்னவர் மேலும் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் அடுத்த முறை வாய் திறக்கிறார்கள். மெதுவாக நடக்கும் வேலை. ஒருமுறை கத்தினால் பல மாத உழைப்பு வீணாகும்.

## எங்கே தடம் புரள்கிறது?

1. வாக்குறுதியின் அளவு. 2014-இல் மாதவ் கோயலும் உடன் ஆய்ந்தவர்களும் 3,515 பேர் கலந்துகொண்ட 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் தெரிந்தது. மிதமான என்ற சொல்லைத்தான் விற்பனையாளர்கள் விழுங்கிவிடுகிறார்கள்.

2. அமைதி மந்தமாவது. ஹாஃபன்பிராக்கும் கேத்லீன் வோஸும் 2018-இல் காட்டியது: தியானம் முடித்த உடனே, கொடுத்த வேலையைச் செய்யும் ஆர்வம் குறைகிறது. வேலையின் தரம் குறையவில்லை. ஆனாலும் ஒரு பெரிய விற்பனை முயற்சிக்குக் கிளம்பும் முன் குழுவை உட்காரவைப்பது பொருத்தமா என்று யோசிக்க வேண்டும்.

3. குற்ற உணர்வும் கரைந்துபோவது. என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். 2022-இல் ஹாஃபன்பிராக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்தவர்கள் மூச்சுத் தியானம் செய்தபின் குற்ற உணர்வு தணிந்து, தவறுக்குப் பரிகாரம் தேடும் விருப்பமும் குறைந்தது. மைக்கேல் பூலின் குழுவினரின் 2021 ஆய்வில், தன்னைத் தனியனாக எண்ணும் இயல்புடையோர் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சிக்குப் பின் பிறருக்கு உதவுவது குறைந்தது. பிறரோடு பிணைந்தவராக எண்ணுவோரிடம் கூடியது. பல குடும்பங்களைப் பாதிக்கும் முடிவை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க உதவும் கருவியாக இது மாறிவிடக்கூடும். இனாமோரியின் இரவுக் கேள்வி இல்லாத மூச்சுப் பயிற்சியில் இந்த ஆபத்து உண்மையாகவே இருக்கிறது.

4. பழியை ஊழியர் தலையில் போடுவது. ஆள் போதாது, நேரம் போதாது, மேலதிகாரி மிரட்டுகிறார். தீர்வு என்று தியானச் செயலி ஒன்றின் சந்தா வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் ஃப்ளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவைப் பார்த்தார். தனிநபரை நோக்கிய நலத் திட்டங்களில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நல்ல நிலையில் இல்லை. தன்னார்வத் தொண்டில் ஈடுபட்டவர்கள் மட்டுமே விலக்கு. வேலையின் அமைப்பை மாற்றாமல் ஊழியரின் மனத்தை மட்டும் திருத்த முயல்வது பலன் தரவில்லை என்பதே இதன் பொருள்.

5. எல்லோருக்கும் ஒத்துவராது. சிலருக்கு, குறிப்பாக ஆழ்ந்த மனக்காயங்கள் உள்ளவர்களுக்கு, நீண்ட தியானம் பதற்றத்தைக் கூட்டலாம். ஆகவே எந்த நிறுவனமும் இதைக் கட்டாயமாக்கக் கூடாது. விலகிக்கொள்பவரிடம் காரணம் கேட்கவும் கூடாது.

## தொடங்க நினைப்பவருக்கு

வரிசை முக்கியம். மேலிடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதிகாரம் குறைந்தவர்களை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அதிகாரம் உள்ளவர் பழையபடியே இருந்தால், மேலே சொன்ன நான்காவது தவறுதான் நடக்கும்.

முதல் எட்டு வாரம் தினமும் மூச்சுப் பயிற்சி. பத்து நிமிடமானாலும் தவறாமல் செய்வதே நல்லது. பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்பது இன்னும் நல்லது. இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். அதில் எழுத வேண்டியது அன்றைய கூட்டங்களில் எங்கே குறுக்கிட்டேன், எந்தச் செய்தி வந்தபோது உடல் இறுகியது, அப்போது யார் பேசுவதை நிறுத்தினார் என்ற மூன்று விவரங்களை மட்டும். ஒரு மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரே மாதிரியான ஓரிரு சூழ்நிலைகள் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். அவற்றில் ஒன்றை எடுத்து நான்கு கட்டப் பயிற்சியைச் செய்வது அடுத்த படி. எழுதியதை நம்பிக்கையான ஒரு சக ஊழியரிடம் காட்டி, இது சரியா என்று கேட்பது, தனியே எழுதுவதைவிடப் பலமடங்கு கடினமானது. பலமடங்கு பலன் தருவதும் அதுதான்.

கூட்டங்களின் அமைப்பையும் கூடவே மாற்ற வேண்டும். தலைவர் கடைசியாகப் பேசுவது. யோசனையைச் சொல்வதற்கும் எடைபோடுவதற்கும் தனித்தனி நேரம் ஒதுக்குவது. ஒரு திட்டத்தை எப்போது நிறுத்துவோம் என்பதைத் தொடங்கும்போதே எழுதிவைப்பது. தலைவரின் மனநிலை நன்றாக இல்லாத நாளிலும் இந்த ஏற்பாடுகள் வேலை செய்யும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தலைவர் எவ்வளவு அமைதியாக உணர்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பயனில்லை. கீழே இருப்பவர்களிடம், பெயர் தெரியாதபடி, சில கேள்விகளைக் கேட்கலாம். கடந்த மூன்று மாதத்தில் மோசமான செய்தியை எத்தனை முறை மேலே சொன்னீர்கள்? பிரச்சினை தெரிந்த நாளுக்கும் அதைச் சொன்ன நாளுக்கும் எவ்வளவு இடைவெளி? கீழிருந்து வந்த எந்த யோசனை சோதனை வரைக்கும் போனது? தலைவர் தன் முடிவைக் கடைசியாக எப்போது மாற்றிக்கொண்டார், யார் சொல்லி? தொடக்கத்தில் ஒருமுறையும், ஆறு மாதத்தில் ஒருமுறையும், ஓராண்டில் ஒருமுறையும் இதே கேள்விகளைக் கேட்டுப் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பதில்கள் நகரவில்லை என்றால், தலைவர் தன் சொந்த நிம்மதிக்காகத் தியானத்தைத் தொடரலாம். நிறுவனத்தின் பயிற்சி நிதியை, கூட்டங்களையும் வேலைப்பளுவையும் சீரமைப்பதற்குத் திருப்பிவிட வேண்டும்.